2 மி.மீ. மழைத்துளிக்கு மணிக்கு 436 கிலோமீட்டர் வேகமா? ஸ்டோக்ஸ் சூத்திரம் எங்கே கைவிடுகிறது?

நெல்லை கயல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் படிக்கிறேன். இயற்பியலில் பாகுநிலைப் பாடம் இந்த வாரம்தான் முடிந்தது. முற்றுத் திசைவேகத்துக்கான (விழும் பொருளின் வேகம் மேலும் ஏறாமல் நிலைத்துவிடும் அளவு) ஸ்டோக்ஸ் சூத்திரத்தில் மழைத்துளியைப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். துளியின் ஆரம் 1 மி.மீ., நீரின் அடர்த்தி 1000, காற்றின் பாகியல் எண் 1.8 × 10⁻⁵, g = 9.8. விடை நொடிக்கு 121 மீட்டர் வருகிறது. மணிக்கு 436 கிலோமீட்டர்! மும்முறை சரிபார்த்துவிட்டேன், அலகுகளும் சரியாகவே இருக்கின்றன. இந்த வேகத்தில் மழை பெய்தால் குடை கிழிந்துவிடும், தலையும் தப்பாது. வகுப்பில் கேட்டதற்கு "தேர்வுக்கு வராது" என்று பதில் வந்தது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கோடை மழை தொடங்கும்போது முதலில் பெரிய பெரிய துளிகளாக அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகின்றன. சிறு துளிகள் பிறகுதான் வருகின்றன. இதற்கும் முதல் கேள்விக்கும் தொடர்பு உண்டா?

ஓய்வுபெற்ற சுண்ணக்கட்டி எழுதியது:

பிளஸ் ஒன் என்கிறாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன் அம்மா. கணக்கில் பிழை இல்லை. சூத்திரத்துக்குத்தான் அங்கே வேலை இல்லை.

ஸ்டோக்ஸ் 1851இல் அந்த விதியைச் சொன்னது, பாய்மம் (இங்கே காற்று) பொருளைச் சுற்றிச் சுழிக்காமல், வழுக்கிக்கொண்டு போகும் நிலைக்கு. அங்கே தடைவிசை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அந்த நிலை எதுவரை என்று சொல்லத்தான் ரெனால்ட்ஸ் எண் இருக்கிறது. அது ஒன்றுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். உன் சூத்திரத்தில் 0.02 மி.மீ. விட்டமுள்ள மேகத்துளியைப் போட்டுப் பார்: நொடிக்கு 1.2 செ.மீ. வரும். அதன் ரெனால்ட்ஸ் எண் 0.016 அளவுதான். அங்கே ஸ்டோக்ஸ் அப்பழுக்கில்லாமல் வேலை செய்கிறார். மேகம் நம் தலையில் விழாமல் மிதப்பதுபோல் தெரிவதற்கு இந்த 1.2 செ.மீ.தான் காரணம். விழுந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் மேலெழும் இளங்காற்றே அதைத் தாங்கிவிடுகிறது.

2 மி.மீ. துளியின் கதை வேறு. நிஜத்தில் அது விழும் வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் 870 அளவுக்குப் போய்விடுகிறது. துளிக்குப் பின்னால் காற்று சுழித்துக்கொண்டு கிடக்கும். அங்கே தடைவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். எனவே இப்படி எழுத வேண்டும்:

துளியின் எடை = ½ × காற்றின் அடர்த்தி × தடை எண் × குறுக்குப் பரப்பு × v²

காற்றின் அடர்த்தி 1.2, கோளத்துக்குத் தடை எண் ஏறக்குறைய 0.5 என்று வைத்துக்கொள். v = 6.6 மீ/நொடி வரும். அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது 6.5. உன் 121 இருபது மடங்கு தள்ளி நிற்பதற்குக் காரணம், சுழிப்பு தின்னும் ஆற்றலை அந்தச் சூத்திரம் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பாடநூல்களில் ஸ்டோக்ஸ் விதிக்கு எடுத்துக்காட்டாக மழைத்துளியைச் சொல்லிவிட்டு, எவ்வளவு பெரிய துளி என்று சொல்லாமல் விடுவது எனக்கு நெடுநாள் எரிச்சல். அரை மில்லிமீட்டர் தூறலுக்கே அந்த விதி பொருந்தாது.

ஏன்எதற்கு எழுதியது:

ஐயா, எனக்கு இரண்டு தடங்கல். ஒன்று, கலிலியோ பாடத்தில் கனமானதும் லேசானதும் ஒன்றாகவே விழும் என்று அடித்துச் சொன்னீர்கள். அடுத்த பாடத்தில் பெரிய துளிக்கு வேகம் அதிகம் என்கிறீர்கள். எதை நம்புவது?

இரண்டு, எடையும் தடையும் சமமாகிவிட்டால் நிகர விசை சுழி. விசையே இல்லாத துளி அந்தரத்தில் நின்றுவிட வேண்டாமா? அது ஏன் தொடர்ந்து விழுகிறது?

ஓய்வுபெற்ற சுண்ணக்கட்டி எழுதியது:

இரண்டாவதிலிருந்து வருகிறேன். நிகர விசை சுழி என்றால் வேகம் மாறாது என்று பொருள். வேகம் சுழியாகும் என்று நியூட்டன் எங்கும் சொல்லவில்லை. துளி 6.5 மீட்டர் வேகத்தை எட்டிய பிறகுதானே விசைகள் சமமாயின? ஆகவே அந்த வேகத்திலேயே கீழே வருகிறது. அதை நிறுத்த வேண்டுமானால் எடையைவிட அதிகமான தடை வேண்டும். அப்படி ஒன்று தரையில்தான் இருக்கிறது.

கலிலியோ சொன்னது காற்றை ஒதுக்கிவிட்டு. 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார், இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன. இங்கே காற்று இருக்கிறது. காற்றில்லா உலகில் 2 கிலோமீட்டர் உயர மேகத்திலிருந்து விழும் துளி, பெரியதோ சிறியதோ, நொடிக்கு 198 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். மணிக்கு 713 கிலோமீட்டர். கயலின் தலைக்கு அப்போதுதான் உண்மையான ஆபத்து.

காற்று நுழைந்ததும் அளவு பேசத் தொடங்குகிறது. எடை ஆரத்தின் மும்மடியில் ஏறுகிறது, காற்று தடுக்கும் பரப்போ இருமடியில்தான். அதனால் பெருந்துளிக்கு வேகம் கூடுதல். அமெரிக்காவில் கன், கின்சர் என்ற இருவர் 1949இல் வெளியிட்ட அளவீடுகளை இன்றும் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். துளிக்குச் சிறிது மின்னேற்றம் கொடுத்து உலோக வளையங்களின் வழியே விழவிட்டார்கள். ஒவ்வொரு வளையத்தைக் கடக்கும்போதும் ஒரு மின்துடிப்பு. துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்திலிருந்து வேகம். அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இப்படி: அரை மி.மீ. விட்டத்துக்கு நொடிக்கு 2 மீட்டர், 1 மி.மீ.க்கு 4, 2 மி.மீ.க்கு 6.5, 3 மி.மீ.க்கு 8, 4 மி.மீ.க்கு 8.8, 5 மி.மீ.க்கு 9.1.

கடைசி இரண்டையும் உற்றுப் பார். ஏற்றம் நின்றுபோகிறது. நான் மேலே எழுதிய சமன்பாட்டில் 5 மி.மீ. துளியைப் போட்டால் 10.4 வரும், நிஜத்தில் 9.1. ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

ரேடியன் எழுதியது:

துளி கோளமாக இல்லை என்பதால். பெரிதாக ஆகத் தட்டையாகிறது, தட்டையானால் காற்றுக்குக் காட்டும் பரப்பு கூடுகிறது, தடை கூடுகிறது.

இதை இரண்டு அழுத்தங்களின் இழுபறியாகப் பார்க்கலாம். பரப்பு இழுவிசை துளியை உருண்டையாக வைத்திருக்கப் பார்க்கிறது. உள்ளே ஏற்படும் மிகை அழுத்தம் 2T/r (T பரப்பு இழுவிசை, r ஆரம்), இது கயலின் பாடத்திலேயே இருக்கும். கீழேயிருந்து மோதும் காற்றின் அழுத்தம் ½ρv² (ρ காற்றின் அடர்த்தி).

1 மி.மீ. விட்டத் துளிக்கு: உள்ளே 288 பாஸ்கல், காற்று கொடுப்பது 10 பாஸ்கல்கூட இல்லை. துளி அசையாது, அச்சு அசல் கோளம்.

5 மி.மீ. துளிக்கு: உள்ளே 58 பாஸ்கல், காற்று 50. கீழ்ப்பக்கம் சப்பிப்போய், மேல்பக்கம் மட்டும் வளைந்து, இட்லியைக் கவிழ்த்துப் போட்டதுபோல் ஆகிவிடும்.

6 மி.மீ.க்கு: உள்ளே 48, காற்று 51. ஆட்டம் முடிந்தது. துளியின் அடிப்பக்கம் உள்வாங்கி, நடுப்பகுதி மெல்லிய படலமாகி மேல்நோக்கி உப்பி, விளிம்பில் ஒரு வளையம் மட்டும் தடிமனாக நின்று, படலம் வெடிக்கும். வளையமும் துண்டு துண்டாகச் சிதறும். இது மிக எளிமையாக்கிய கணக்குத்தான், ஆனாலும் மழைத்துளிக்கு ஏன் ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்பதை இந்த மூன்று வரிகளே காட்டிவிடுகின்றன.

கைபேசியின் வானிலைச் செயலியில் தொடங்கி குடிநீர் வாரிய விளம்பரம் வரை எல்லோரும் மேலே கூராகவும் கீழே உருண்டையாகவும் வரைகிறார்களே, அந்த வடிவத்தில் விழும் மழைத்துளி ஒன்றுகூட இல்லை.

ஏன்எதற்கு எழுதியது:

குழாயில் சொட்டும் துளிக்கு வால் இருப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ரேடியன் எழுதியது:

பார்த்திருப்பீர்கள். குழாயின் வாயை விட்டுப் பிரியும் கணத்தில் நீர் இழுபட்டுக் கழுத்து மெலிகிறது, அந்த வால் அதனால் வருவது. பிரிந்தவுடன் பரப்பு இழுவிசை அதை உள்ளே சுருட்டிவிடும், துளி சற்று நேரம் நீண்டும் குறுகியும் ஊசலாடிவிட்டு அடங்கும். மேகத்தில் குழாய் கிடையாது. அங்கே துளி எதிலிருந்தும் தொங்கிப் பிரிவதில்லை.

இதைப் புதிதாக யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. ஜெர்மனியின் பிலிப் லெனார்ட் 1904இலேயே கீழிருந்து காற்றை ஊதித் துளிகளை அந்தரத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டார். சிறியவை உருண்டை, பெரியவை தட்டை, மிகப் பெரியவை உடைகின்றன என்று எழுதினார். அடுத்த ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது, ஆனால் அது எதிர்மின்வாய்க் கதிர்களுக்காக.

வடகிழக்குப் பருவம் எழுதியது:

கயலின் இரண்டாவது கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நான் எடுத்துக்கொள்கிறேன்.

சுண்ணக்கட்டி ஐயா கொடுத்த வேகங்களை வைத்தே பார்க்கலாம். மேகத்தின் அடிப்பகுதி 2 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, எல்லா அளவுத் துளிகளும் ஒரே நேரத்தில் அங்கிருந்து கிளம்புகின்றன என்று வையுங்கள். 4 மி.மீ. துளி நான்கு நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும். 1 மி.மீ. துளிக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அரை மி.மீ. துளி கிட்டத்தட்ட பதினேழு நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதுவும் வழியில் ஆவியாகித் தேயாமல் இருந்தால். கோடையில் தரையருகே காற்று காய்ந்து கிடப்பதால் சிறு துளிகளில் பல வந்தே சேர்வதில்லை. ஆக, முதலில் வந்து விழுபவை பெரியவை. மழை விட்டும் தூவானம் விடாததும் இதே கணக்குத்தான்: மேலே மேகம் கடையைக் கட்டிய பிறகும் மெதுவாக வருபவை வந்துகொண்டே இருக்கின்றன.

ஆனால் இது பாதிக் காரணம். இடிமேகத்துக்குள் காற்று மேல்நோக்கிப் பாய்கிறது, நொடிக்கு 10 மீட்டர் என்பது அங்கே சர்வ சாதாரணம். மழைத்துளியின் உச்ச வேகமே 9 சொச்சம்தான். அதாவது வலுவான மேலோட்டத்துக்கு நடுவே எந்தத் துளியும் இறங்க முடியாது, அது மேலேதான் போகும். ஓட்டம் சற்றுத் தளரும் ஓரங்களில், உதாரணமாக நொடிக்கு 7 மீட்டர் இருக்கும் இடத்தில், 4 மி.மீ. துளி நழுவிக் கீழே வந்துவிடும், 1 மி.மீ. துளி வராது. காற்றே சலித்து அனுப்புகிறது. தவிர, உயரத்துக்கு ஏற்பக் காற்றின் திசை மாறும்போது மெதுவாக விழும் துளிகள் தொலைவுக்கு அடித்துச் செல்லப்படுகின்றன. அதனால் புயல்மழையின் முன்விளிம்பில் நிற்பவருக்குப் பெருந்துளிகளே கிடைக்கும்.

என்னைக் கேட்டால் கோடை இடிமழையில் இந்த இரண்டாவது காரணத்துக்குத்தான் கனம் அதிகம். ஐப்பசி அடைமழை தொடங்கும்போது அந்தப் பெருந்துளி வரவேற்பு அவ்வளவாக இருப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

மானாவாரி எழுதியது:

கவனிக்காமல் எப்படி இருப்பேன். எனக்குக் கணக்கு வராது, நிலக்கடலை வரும். செம்மண். சித்திரையில் கொட்டும் அந்தப் பெருந்துளி மழை அரை மணி நேரம் பெய்து வெயில் அடித்தால், மேல்மண் ஓடுபோல் இறுகிவிடுகிறது. விதை முளை தள்ள முடியாமல் உள்ளேயே மடிந்துபோகும். அதே அளவு மழை கார்த்திகையில் நின்று நிதானமாகப் பெய்தால் ஒன்றும் ஆவதில்லை. மழைமானியில் இரண்டும் ஒரே அளவுதான் காட்டும். இதைப் பற்றி உங்கள் இயற்பியல் என்ன சொல்கிறது?

ஓய்வுபெற்ற சுண்ணக்கட்டி எழுதியது:

நல்ல கேள்வி ஐயா. மழைமானி நீரை அளக்கிறது, அடியை அளப்பதில்லை.

5 மி.மீ. துளியின் நிறை 65 மில்லிகிராம், வேகம் 9 மீட்டர். இயக்க ஆற்றல் 2.6 மில்லிஜூல். 1 மி.மீ. துளியின் நிறை அரை மில்லிகிராம், வேகம் 4. இயக்க ஆற்றல் 0.0042 மில்லிஜூல். ஒரு துளிக்கு ஒரு துளி என்று பார்த்தால் 600 மடங்குக்கு மேல். "பெரிய துளியில் தண்ணீரும் அதிகம்தானே" என்பீர்கள். சரி, ஒரே அளவு நீர் என்று வைத்துக்கொண்டால்கூட, ஒவ்வொரு லிட்டரும் சுமந்து வரும் ஆற்றல் பெருந்துளி மழையில் ஐந்து மடங்கு. அது மண் கட்டியை உடைக்கிறது, நுண்துகள்களைத் தெறிக்கவிடுகிறது, தெறித்த களித்துகள்கள் மண்ணின் துவாரங்களில் போய் அடைகின்றன. பிறகு காய்ந்தால் நீங்கள் சொல்லும் ஓடு.

மரம் இருந்தால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மரத்தின் உயரத்தைப் பொறுத்தது. இலைகளில் சேரும் சிறு துளிகள் ஒன்றுகூடி, நுனியிலிருந்து பெருந்துளிகளாகச் சொட்டுகின்றன. 5 மி.மீ. துளி தன் முற்றுத் திசைவேகத்தில் 95 விழுக்காட்டை எட்ட 10 மீட்டர் விழுந்தால் போதும். ஆக உயரமான தேக்கந்தோப்பில், அடியில் சருகையும் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தால், வெட்டவெளியைவிட அங்கே அடி பலமாக விழலாம்.

மானாவாரி எழுதியது:

சருகைக் கூட்டிக் கொளுத்தாதே, மூடாக்குப் போடு என்று எங்கள் அப்பா தலையில் அடித்துக்கொள்வார். கடலைக்கு மூடாக்குப் போட்டுக் கட்டுப்படியாகுமா என்பது தனிச் சண்டை, அதை வேளாண்மைப் பிரிவில் வைத்துக்கொள்கிறேன்.

வடகிழக்குப் பருவம் எழுதியது:

மானாவாரி அண்ணன் சொன்னதைப் போன்ற பருவ வேறுபாடு அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. திருப்பதி பக்கம் காடங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகளாகத் துளிகளின் அளவைப் பதிவு செய்கிறார்கள். கருவி எளிமையானது: மேலே ஒரு சிறு தகடு, அதில் துளி மோதும்போது ஏற்படும் உந்தத்திலிருந்து அதன் விட்டம் கணிக்கப்படும். அவர்கள் கண்டது, ஒரே தீவிரத்தில் பெய்யும் மழையை ஒப்பிட்டால், தென்மேற்குப் பருவக் காலத்துத் துளிகள் வடகிழக்குப் பருவக் காலத்துத் துளிகளைவிடப் பெரியவை. மேலோட்டக் காற்றின் வலு, வழியில் சிறு துளிகள் ஆவியாவது என்று காரணங்கள் சொல்கிறார்கள். காடங்கி தமிழக எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது, நம் வட மாவட்டங்களுக்கு இது பெருமளவு பொருந்தும்.

இதனால் ரேடார்காரர்களுக்குத் தலைவலி. சென்னையில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ரேடார் 10 செ.மீ. அலையை அனுப்பித் துளிகளிலிருந்து திரும்புவதை அளக்கிறது. திரும்பும் அளவு விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். ஒரே ஒரு 4 மி.மீ. துளி, 4096 எண்ணிக்கையுள்ள 1 மி.மீ. துளிகளுக்குச் சமமாக ரேடாரில் தெரியும். நீரோ 64 துளிகளின் அளவுதான். மாண்ட்ரீலில் மார்ஷல், பாமர் இருவரும் 1948இல் சாயம் தூவிய தாளில் துளிகளைப் பிடித்து, எந்த அளவில் எத்தனை துளிகள் இருக்கும் என்று ஒரு வாய்பாடு கொடுத்தார்கள். ரேடார் படத்தை மழையளவாக மாற்ற அதையொட்டிய சூத்திரங்கள்தான் உதவுகின்றன. துளிகளின் கலவை மாறினால் கணிப்பும் தடம் மாறும். படத்தில் செக்கச் சிவந்த மேகம் வந்து, மழைமானியில் சொற்பமாக விழுந்தால் வானிலைப் பதிவர்களைத் திட்டுகிறீர்களே, இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியன் சொன்ன தட்டை வடிவம் இங்கேதான் கைகொடுக்கிறது. புதிய வகை ரேடார்கள் கிடைமட்டமாக அதிரும் அலை, செங்குத்தாக அதிரும் அலை இரண்டையும் அனுப்புகின்றன. தட்டையான துளி கிடைமட்ட அலையை அதிகம் திருப்பும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு துளி எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடும்.

ரேடியன் எழுதியது:

ஒரு சேர்க்கை. துளிகளின் கலவையை எது தீர்மானிக்கிறது என்பதில் இன்னும் வழக்கு நடக்கிறது. துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்வதும் சிதறுவதும்தான் காரணம் என்பது பழைய கட்சி. டொரண்டோவில் லோ, லிஸ்ட் ஆகியோர் 1982இல் வெளியிட்ட மோதல் சோதனைகள் அதற்கு முதுகெலும்பு. பிரான்சின் வில்லெர்மோ, போசா இருவரும் 2009இல், நான் மேலே சொன்னபடி தனித்துளி தானாகவே உப்பி உடைவதே அந்தக் கலவையை விளக்கப் போதும் என்றார்கள். அவர்கள் எடுத்த அதிவேகப் படங்கள் அழகோ அழகு. ஆனால் 5, 6 மி.மீ. துளிகள் மழையில் அவ்வளவு அரிது என்பதால் நான் பழைய கட்சியிலேயே இருக்கிறேன்.

6 மி.மீ. என்பதும் கல்லில் பொறித்த எல்லை அல்ல. 2004இல் ஹாப்ஸ், ரங்னோ என்ற இருவர், பிரேசிலில் காட்டுத்தீப் புகையிலிருந்து எழுந்த மேகங்களிலும் மார்ஷல் தீவுகளிலும் 8.8 மி.மீ.க்குக் குறையாத துளிகளைப் பதிவு செய்ததாக எழுதினார்கள்.

சுண்ணக்கட்டி ஐயாவின் கணக்குகள் எல்லாத் துளியும் தனக்குரிய முற்றுத் திசைவேகத்தில் விழுவதாக எடுத்துக்கொள்கின்றன, அதற்கும் ஒரு விலக்கு உண்டு. மெக்சிகோ நகரில் அளந்தவர்கள் 2009இல், சிறு துளிகளில் சில தங்களுக்குரிய வேகத்தைவிட மிக விரைவாக விழுவதைக் காட்டினார்கள். பெருந்துளி உடைந்து பிறந்த துண்டுகள் தாய்த்துளியின் வேகத்தோடு கிளம்பி, தளர்வதற்குள் கருவியைக் கடந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

நெல்லை கயல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் வீட்டிலேயே அளக்க முடியுமா? கருவி எதுவும் இல்லை. அறிவியல் கண்காட்சிக்கு வைக்கலாம் என்று ஆசை.

ஓய்வுபெற்ற சுண்ணக்கட்டி எழுதியது:

மைதா மாவு இருக்கிறதா? அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி, பனிப்படிகங்களை ஆயிரக்கணக்கில் படமெடுத்தவர், 1904இல் மழைத்துளியை மாவால் அளந்து கட்டுரை எழுதினார். தட்டில் ஓர் அங்குல ஆழத்துக்கு மாவைச் சலித்துக் கொட்டு. அழுத்தாதே, மேற்பரப்பை மட்டும் சமப்படுத்து. மழையில் சில நொடிகள் காட்டிவிட்டு உடனே மூடிவிடு. ஒவ்வொரு துளியும் ஒரு மாவுருண்டை ஆகியிருக்கும். நன்றாகக் காயவிட்டுச் சலித்தால் உருண்டைகள் தனியே வந்துவிடும்.

உருண்டையின் அளவு துளியின் அளவுக்குச் சமமாக இருக்காது. தெரிந்த அளவுள்ள துளிகளை முதலில் மாவில் விட்டு ஒப்பீடு செய்துகொள்ள வேண்டும். அதற்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கண் மருந்துப் புட்டியின் துளி எவ்வளவு என்று தெரியவில்லை.

ஊசிமருந்து எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்காகவே உள்ளே வருகிறேன். நான் செவிலியர். சலைன் ஏற்றும் குழாய் செட்டைப் பயன்படுத்துங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். பெரியவர்களுக்குப் போடும் செட்டின் உறையில் 20 துளி = 1 மி.லி. என்று அச்சிட்டிருக்கும். குழந்தைகளுக்குப் போடுவதில் 60 துளி = 1 மி.லி. வேறு எண் அச்சிட்ட செட்டுகளும் வருகின்றன, உறையைப் பார்த்து வாங்குங்கள். ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, துளி விழும் அறையை வெட்டித் திறந்தால் சீரான துளிகள் சொட்டும். கத்தரிக்கோல் வேலையைப் பெரியவர் யாராவது செய்யட்டும்.

ஓய்வுபெற்ற சுண்ணக்கட்டி எழுதியது:

அம்மா, நீங்கள் இயற்பியல் ஆசிரியராகியிருக்க வேண்டும். 20க்கு 1 என்றால் துளியின் விட்டம் 4.6 மி.மீ., 60க்கு 1 என்றால் 3.2 மி.மீ. கயல், இரண்டு புள்ளி கிடைத்துவிட்டது. சிறிய துளிக்கு மெல்லிய ஊசி பொருத்திய சிரிஞ்சு: ஒரு மி.லி.க்கு எத்தனை துளி என்று நீயே எண்ணிக்கொள்.

ஊசிமருந்து எழுதியது:

போகிற போக்கில் ஒன்று. மழை பெய்தால் கொசு செத்துவிடும், டெங்கு குறையும் என்று வார்டில் தினமும் யாராவது சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய துளி மோதினால் கொசு உண்மையில் என்ன ஆகிறது?

ரேடியன் எழுதியது:

சாகாது. 2012இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் படமெடுத்துப் பார்த்தார்கள். கொசுவின் நிறை 2 மில்லிகிராம், துளி அதைப்போல 50 மடங்குவரை இருக்கலாம். கொசு எதிர்த்து நிற்பதற்கே நிறை இல்லாததால் துளியின் வேகம் ஏறக்குறைய குறைவதே இல்லை. ஆக மோதலில் கைமாறும் உந்தமும் சிறிது. துளியோடு சற்றுத் தூரம் கீழே போய், விலகிப் பறந்துவிடுகிறது. தரைக்கு மிக அருகில் அடிபட்டால்தான் அதற்கு ஆபத்து. தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதை நிறுத்த வேண்டாம்.

நெல்லை கயல் எழுதியது:

நேற்று மாலை இங்கே மழை! இரண்டு தட்டு வைத்தேன். மழை தொடங்கிய உடனே ஒன்று, நன்றாகப் பெய்யத் தொடங்கிய பிறகு ஒன்று. முதல் தட்டில் உருண்டைகள் குறைவு, ஆனால் சில சலைன் துளியின் உருண்டை அளவுக்கே இருக்கின்றன, 20க்கு 1 செட்டில் வந்ததைப் போல. இரண்டாவதில் எண்ண முடியாத அளவுக்குச் சின்னச் சின்னதாக, நடுநடுவே சில பெரியவை. சில சப்பையாகவும் இருக்கின்றன. வடகிழக்குப் பருவம் அண்ணன் சொன்னது சரி என்று எழுதிவிடலாமா?

ஏன்எதற்கு எழுதியது:

அவசரப்படாதே தங்கச்சி. முதல் தட்டை எங்கே வைத்தாய்? சன்ஷேடு ஓரத்திலோ மாமரத்தடியிலோ வைத்திருந்தால் அது மழைத்துளி ஆகாது. விளிம்பில் சேர்ந்து சொட்டியது. ஐயா இலை நுனியைப் பற்றிச் சொன்னதைப் படித்தாய் அல்லவா?

நெல்லை கயல் எழுதியது:

மொட்டைமாடியின் நடுவில், தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் தள்ளித்தான் வைத்தேன் அண்ணா. மேலே கொடிக்கயிறு மட்டும் போகிறது.

ஏன்எதற்கு எழுதியது:

கொடிக்கயிற்றிலும் சொட்டும். அடுத்த மழைக்கு அதை அவிழ்த்துவிட்டு வை. இரண்டு தட்டையும் ஒரே நொடி அளவுக்குத் திறந்து வைத்தாயா என்றும் எழுது, இல்லாவிட்டால் எண்ணிக்கையை ஒப்பிட முடியாது.

ஓய்வுபெற்ற சுண்ணக்கட்டி எழுதியது:

சப்பையான உருண்டைகளைத் தூக்கிப் போடாதே, தனியாக எடுத்து வை. இரண்டு துளி ஒரே இடத்தில் விழுந்திருக்கலாம், மாவு அந்த இடத்தில் அழுந்தியிருக்கலாம். எது என்று தெரிய, 60க்கு 1 செட்டில் வேண்டுமென்றே இரண்டு துளியை ஒரே இடத்தில் விட்டுப் பார்த்து, அந்த உருண்டையையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடு.